மூன்று கோடி வருஷ வித்தியாசம்

மதுரை, வடக்கு மாசி வீதி,
18 அக்டோபர் 1936.

சிரஞ்சீவி வெங்கட்ரமணனுக்குப் பிச்சுமணி மாமாவின் ஆசீர்வாதம்.

இங்கே எல்லோரும் க்ஷேமம் என்று வழக்கம்போல எழுதப் பேனாவை எடுத்தேன். பேனா நின்றுவிட்டது. ஆகையால் அந்த வரியை ஒரே இடத்தில் வைக்காமல் கடிதம் முழுக்கத் துண்டு துண்டாகப் போட்டிருக்கிறேன். பொறுக்கிக்கொள்.

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். போன வியாழக்கிழமை உன் கடிதத்தை உங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து வாசித்தேனே, அதில் நடுவிலே ஒன்றரைப் பக்கம் உன்னுடையது இல்லை. என் சொந்தச் சரக்கு. சீமையில் நீ குடியிருக்கும் வீட்டுச் சீமாட்டி தினமும் கோஸை வேகவைத்துப் போடுகிறாள் என்றும், உனக்கு நாக்கு செத்துப்போய்விட்டது என்றும், அம்மா கையால் போட்ட நார்த்தங்காய் வேண்டும் என்று நீ கேட்டிருப்பதாகவும் வாசித்தேன். ஆரம்பித்த பொய்யை நிறுத்தத் தெரியாமல், அந்தச் சீமாட்டிக்கு ஒரு பூனையும் கொடுத்துவிட்டேன். உன் அம்மா, அதாவது என் அக்கா, அந்த அம்மாளுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா என்று இரண்டு தரம் விசாரித்தாள். அவளுக்கு அறுபத்தைந்து வயது என்று சொல்லி உன்னைக் காப்பாற்றினேன். ஐப்பசி மழையில் வெயிலைத் துரத்தித் துரத்தி அக்கா நார்த்தங்காய் காய வைத்துக்கொண்டிருக்கிறாள். டப்பா கப்பலில் வந்து சேரும். வந்ததும், நீயே கேட்டது போல இரண்டு வரி எழுதிவிடு.

நான் ஏன் அப்படிச் செய்தேன் என்பது உனக்கு இதற்குள் தெரிந்திருக்கும். உன் கடிதத்தில் அந்த இடத்தில் இருந்தது என்ன என்பது உனக்குத் தெரியாதா?

உன் அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று அக்கா எழுதியிருப்பாள். அவள் எழுதினால் ஜலதோஷம் மாதிரி எழுதுவாள். நான் இன்ஷூரன்ஸ் ஏஜெண்ட். பத்தொன்பது வருஷமாக ஊர் ஊராகப் போய் மனிதர்களின் வயதையும் நெஞ்சுக்கூட்டையும் பார்த்தே வயிறு வளர்க்கிறவன். நான் சொல்கிறேன். அத்திம்பேருக்கு இப்போது படுத்தால் மூச்சு முட்டுகிறது. மூன்று தலையணையை முதுகுக்குக் கொடுத்து உட்கார்ந்தபடியே தூங்குகிறார். கணுக்காலில் விரலை வைத்து அழுத்தினால் குழி விழுகிறது. நான் வெற்றிலை போட்டு முடிக்கும் வரை அந்தக் குழி அப்படியே இருக்கிறது. கண்ணில் புரை வேறு. டாக்டர் வாசலில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு, பையன் எப்போது வருகிறான் என்று என்னைக் கேட்டார். டாக்டர்கள் அதைக் கேட்டால் அது கேள்வி இல்லை. எங்கள் கம்பெனிக்கு அவர் பேரில் ஒரு மனு போட்டால் மறு தபாலில் திரும்பி வந்துவிடும்.

இப்போது ஆவணி மாதம் நடந்ததைச் சொல்கிறேன். இதுவரை உனக்கு இதை யாரும் எழுதவில்லை. அப்போது எழுத வேண்டாம் என்று உன் அப்பாவே சொன்னார், அதனால்தான் எழுதுகிறேன்.

நீ ஊரை விட்டுப் போனதிலிருந்து அவர் உன் பெயரைச் சொன்னதில்லை என்பது உனக்குத் தெரியும். ஐந்து வருஷத்துக்கு முன் ஆவணி அவிட்டத்தன்று வைகைக் கரையில், அவர் முன்னால் உட்கார்ந்து நாற்பது பேர் சங்கல்பம் சொல்லிக்கொண்டிருந்தபோது நீ நிமிர்ந்து, இந்தக் கணக்கை யார் போட்டது, சாட்சி யார் என்று கேட்டாய். உலகம் பிறந்து இத்தனை காலம் ஆயிற்று என்று தினமும் காலையில் ஆகாயத்துக்குச் சொல்லி வயிறு வளர்த்த புரோகிதரைப் பார்த்து, அவர் பிள்ளை கேட்ட கேள்வி. கேள்வியில் தப்பில்லை, கேட்ட இடம்தான் தப்பு. அவர் மந்திரத்தை விட்ட இடத்திலிருந்து எடுத்துச் சொல்லி முடித்தார். நீ கப்பல் ஏறப் புறப்பட்ட அன்று ரயிலடிக்கும் வரவில்லை. யாராவது குழந்தைகள் எத்தனை என்று கேட்டால், ஜானு ஒருத்தி என்பார். நான் பக்கத்தில் இருந்தால் மேல்துண்டை உதறிக்கொண்டு எழுந்து போய்விடுவேன்.

ஆனால் ஒன்று சொல்கிறேன். நீ எனக்கு எழுதும் கடிதங்களை நான் அக்காவுக்கு வாசிக்கிற வேளையில் அவர் ஊஞ்சலில் கண்ணை மூடிக்கொண்டு தூங்குவார். வேறு எந்த வேளையிலும் குறட்டை விடுகிற மனிதர், அந்த வேளையில் மட்டும் குறட்டை விடாமல் தூங்குவார்.

இந்த ஆவணியில் ஆற்றங்கரைக்குப் போகச் சக்தி இல்லாமல் வீட்டிலேயே பூணூல் மாற்றிக்கொண்டார். அந்த வாரம் உன் கடிதம் வந்தது. தூரத்து நட்சத்திர மண்டலங்கள் எல்லாம் ஒன்றை விட்டு ஒன்று விலகி ஓடுகின்றன, எவ்வளவு தூரமோ அவ்வளவு வேகம், திருப்பிக் கணக்குப் போட்டால் எல்லாம் ஒரே இடத்தில் இருந்த காலம் சுமார் இருநூறு கோடி வருஷத்துக்கு முன்னால் என்று எழுதியிருந்தாயே, அந்தக் கடிதம். நான் இருநூறு கோடி என்று வாசித்ததும் ஊஞ்சல் நின்றது.

"எத்தனைங்கறான்?"

கேட்டது அவர்தான். அக்கா கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டாள். நான் மறுபடி வாசித்தேன். அவர் விரலை மடக்கி மடக்கி ஏதோ சொல்லிக்கொண்டார். பிறகு, சங்கல்பத்தில் வருகிற நம்முடைய கணக்கு நூற்றுத் தொண்ணூற்றேழு கோடியே இருபத்தொன்பது லட்சம், சில்லறையை விட்டுவிடலாம் என்றார். சொல்லிவிட்டு, "மூணு கோடி வித்தியாசத்தை யார் பார்க்கப் போறா?" என்றார். அன்றைக்கு இரண்டு தரம் கஞ்சி கேட்டு வாங்கிக் குடித்தார்.

அதற்குப் பிறகு ஒரு வாரம் எனக்கு வேறு வேலை ஓடவில்லை. அவன் எப்படிக் கண்டுபிடித்தான், சொல்லு என்று என்னைப் பிடித்துக்கொண்டார். கணக்கில் இரண்டு தரம் தோற்று மூன்றாம் தரம் வாத்தியாரின் இரக்கத்தால் தேறியவன் நான். என்னிடம் போய் பிரபஞ்சத்தின் வயது. யோசித்து யோசித்து, அழகர் ஆற்றில் இறங்கிய அன்றைய கூட்டத்தை வைத்துச் சொன்னேன். ஆற்றிலிருந்து ஜனங்கள் திண்டுக்கல் சாலையில் திரும்பிப் போகிறார்கள். ஒரு நேரத்தில் பார்த்தால் நடந்து போகிறவன் சமயநல்லூரில் இருக்கிறான், ஜட்கா வாடிப்பட்டியில் இருக்கிறது, மோட்டார் பஸ் திண்டுக்கல்லை எட்டிவிட்டது. தூரமாக இருக்கிறவன் வேகமாகப் போகிறவன். ஒவ்வொருவனுடைய தூரத்தையும் அவனவன் வேகத்தால் வகுத்தால் மூன்று பேருக்கும் ஒரே விடை வருகிறது, நாலு மணி நேரம். அப்படியானால் நாலு மணி நேரத்துக்கு முன் எல்லோரும் ஆற்றில் ஒன்றாக நின்றிருக்கிறார்கள். யாரும் கடிகாரம் பார்க்கவில்லை, சாட்சியும் இல்லை, ஆனாலும் புறப்பட்ட நேரம் கிடைத்துவிட்டது என்றேன். எனக்கே என்மேல் மரியாதை வந்துவிட்டது.

அத்திம்பேர் விடவில்லை. "வண்டிக்காரன் நடுவழியிலே குதிரையை அவுத்துப் போட்டுட்டுப் புளியோதரை சாப்பிட்டிருந்தான்னா?" என்றார்.

ஆகாயத்தில் புளியோதரை கிடையாது என்று சமாளித்தேன். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்து வெகு காலம் ஆகிவிட்டது. சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்கக் கால் மணி ஆயிற்று.

அன்றிலிருந்து வருகிறவர் போகிறவர் எல்லோருக்கும் இதே பேச்சு. டாக்டர் முதுகில் குழாயை வைத்து மூச்சை இழுங்கள் என்றால், இழுக்கிறதற்கு முன்னால் இருநூறு கோடி என்கிறார். பால் கொண்டுவரும் சீனியம்மாள் வரைக்கும் விஷயம் தெரியும். "சாமி மகன் அம்புட்டுத் தூரம் போயி, சாமி சொன்னதையே கண்டுபிடிச்சிருக்காராமே" என்று அவள் என்னிடம் சொல்கிறாள். ஜானு ஊரிலிருந்து வந்திருந்தபோது அவள் பிள்ளையை மடியில் உட்காரவைத்து, உன் மாமாவும் தாத்தாவும் ஒரே கணக்குப் போட்டவர்கள் என்றார். ஜானு கொல்லைப்பக்கம் போய் அழுதுவிட்டு வந்தாள்.

போன மாதம் ஒரு சாயங்காலம், என்னையும் அக்காவையும் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னார்: "அவன் கணக்கும் நம்ம கணக்கும் ஒண்ணாயிடுத்து. அப்புறம் அவன் ஆத்துக்கு வர்றதுக்கு என்ன தடை? பிராயச்சித்தம் கிராயச்சித்தம்னு யாராவது வந்தா நான் பேசிக்கறேன்." கடல் தாண்டினவன் கையால் தண்ணீர் வாங்க மாட்டேன் என்ற மனிதர். அக்கா எழுந்து விளக்கேற்றப் போனாள். விளக்கு ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்தது.

பிறகு என்னைப் பார்த்து, இந்தக் கணக்கை விவரமாக அவனே எனக்கு ஒரு கடிதமாக எழுதட்டும், என் பெயர் போட்டு எழுதட்டும் என்றார்.

இந்த நிலைமையில், வெங்கட்ரமணா, உன் வியாழக்கிழமைக் கடிதம் வந்து சேர்ந்தது.

நீ நல்லவன். நல்லவனாகவே எழுதியிருக்கிறாய். இருநூறு கோடி நிற்காது போலிருக்கிறது, போன கடிதம் அப்பா காதில் விழுந்திருந்தால் இதையும் சொல்லிவிடுங்கள், தப்பான கணக்கு அவரிடம் தங்க வேண்டாம் என்று எழுதியிருக்கிறாய். நான் அந்தப் பக்கத்தை ஐந்து தரம் படித்துவிட்டேன். எனக்குப் புரிந்தது சரியா என்று நீயே பார்த்துக்கொள்.

பூமியில் சில பாறைகளில் யுரேனியம் என்று ஒன்று இருக்கிறது. அது யாரையும் கேட்காமல் ஒரே நிதானத்தில் ஈயமாக மாறிக்கொண்டே வருகிறது. உமி அடுப்பில் எவ்வளவு உமி மிச்சம், எவ்வளவு சாம்பல் என்று பார்த்தால் எப்போது மூட்டினது என்று சொல்லிவிடலாமே, அது போல. அப்படிப் பார்த்தால் பாறைகளுக்கே இருநூறு கோடியை ஒட்டி வயது வருகிறது. ஆகாயத்திலிருந்து விழுந்த கல்லை வேறொரு முறையில் சோதித்தால் முந்நூறு கோடியைத் தொடுகிறது என்கிறார்கள். போதாததற்கு, ஜோடி நட்சத்திரங்களையும் நட்சத்திரங்களின் நடமாட்டத்தையும் பார்த்து இன்னும் சிலர் லட்சம் கோடிக் கணக்கில் சொல்கிறார்கள். மூன்றாம் வகுப்பு ரயில் பெட்டியில் ஏறினதும் எல்லோரும் இடித்துக்கொள்கிறோம். விழுப்புரம் வருவதற்குள் மூட்டையும் முழங்காலும் அதது இடத்தில் அடங்கிவிடுகின்றன. அடங்கியிருப்பதைப் பார்த்தே வண்டி வெகு தூரம் வந்திருக்கிறது என்று சொல்லலாம். நட்சத்திரங்களும் அப்படி அடங்கியிருக்கின்றன என்கிறார்கள். இத்தனையும் சரியென்றால் குழந்தைக்குத் தாயைவிட வயது அதிகம். ஆகையால் எங்கோ தப்பு இருக்கிறது, எங்கே என்று இன்னும் ஒருவருக்கும் தெரியாது என்று எழுதியிருக்கிறாய்.

இதில் எனக்கு ஆச்சரியம் ஒன்றும் இல்லை. திருவாதவூரில் மொக்கைச்சாமி என்று ஒரு சம்சாரி. பாலிசிக்குத் தன் வயது முப்பத்தைந்து என்று எழுதச் சொன்னார். மறு மாதம் அவர் மகன் பாலிசி எடுத்தான். பள்ளிக்கூடச் சர்ட்டிபிகேட்படி அவனுக்கு இருபத்தேழு. கம்பெனி இரண்டையும் என் தலையில் திருப்பி அடித்தது. நான் வெயிலில் வண்டி கட்டிக்கொண்டு போய், எட்டு வயதில் பிள்ளை பெற்றீரா என்று சண்டை போட்டேன். அவர் களத்தில் நெல்லைத் தள்ளிக்கொண்டே, "நான் சொன்னது என் கணக்கு, அவன் சொன்னது அவன் கணக்கு. ரெண்டு பேரும் ஒரே வீட்டுலதான சாமி கஞ்சி குடிக்கிறோம், என்ன கொறஞ்சு போச்சு?" என்றார். அன்றைக்குக் கோபம் வந்தது. இப்போது யோசித்தால் அவர் கேட்டது நியாயம்தான்.

ஆனால் நான் சொல்ல வந்தது இது ஒன்றும் இல்லை. அந்தப் பக்கத்தின் அடியில் இரண்டு வரி எழுதியிருக்கிறாய். மண்டலங்கள் எப்போதும் ஒரே வேகத்தில்தான் ஓடின என்பதற்கு என்ன நிச்சயம், வழியில் வேகம் மாறியிருந்தால் கணக்கு முழுதும் மாறிவிடுமே என்று. டேய், அதுதான் புளியோதரை. உன் அப்பா ஊஞ்சலில் உட்கார்ந்து, கண் தெரியாமல், மூச்சுக்குத் தவித்துக்கொண்டு கேட்ட கேள்வியை அதே இரண்டு மாதத்துக்குள் நீ அங்கே உட்கார்ந்து கேட்டிருக்கிறாய். ஐந்து வருஷமாக உங்கள் இருவரையும் ஒட்டவைக்க நான் என்னென்னவோ செய்து பார்த்தேன். நீங்கள் இருவரும் ஒரே அச்சு என்பதற்கு இதைவிடச் சாட்சி எனக்குக் கிடைக்காது. அது நான் வாசிக்காமல் மடித்து வைத்த பக்கத்தில் இருக்கிறது. இதைச் சொன்னால் அதையும் சொல்ல வேண்டும். ஆகையால் கோஸ் வாசித்தேன்.

நான் வாசித்து முடித்ததும் அவர், "கோஸ் அவனுக்குச் சின்ன வயசிலேயே ஆகாதே" என்றார். பிறகு கொஞ்ச நேரம் கழித்து, கணக்கைப் பற்றி ஒன்றும் எழுதவில்லையா என்று கேட்டார். எல்லாம் பழையபடிதான் என்றேன். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். கடிதத்தை வாங்கித் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார். நான் மடித்த பக்கமும் அதிலேதான் இருக்கிறது. அவருக்குத்தான் கண் தெரியாது. ஆனால் வருகிறவர்களுக்குத் தெரியுமே. யாராவது புண்ணியவான் எடுத்து வாசித்து வைப்பானோ என்று நான் தினமும் இரண்டு வேளை அங்கே போய்க் காவல் இருக்கிறேன். காவல் இருக்கிறவனுக்கு அக்கா காபி கொடுக்கிறாள், அது ஒன்றுதான் லாபம்.

வெங்கட்ரமணா, உன்னைப் பொய் எழுதச் சொல்லவில்லை. சொன்னாலும் நீ கேட்கமாட்டாய். அந்த விஷயத்தில் நீ என் வழியில் வரவில்லை, உன் அப்பா வழி. நான் கேட்பது இவ்வளவுதான். அவர் பெயருக்கு எழுதப்போகும் கடிதத்தில் இருநூறு கோடி என்று இதுவரை ஒரு கணக்கு இருக்கிறது என்று மட்டும் எழுது. அது பொய் இல்லையே. மிச்சத்தைப் பிறகு எழுதலாம். பிறகு என்றால் எப்போது என்று என்னைக் கேட்காதே. நட்சத்திரங்கள் காத்துக்கொண்டிருக்கும், அவற்றின் வயதைப் பற்றி உங்களுக்குள் எவ்வளவு தகராறு இருந்தாலும், தை மாதத்துக்குள் ஒன்றும் ஆகிவிடாது. அதற்கு உத்தரவாதம் கொடுக்கக்கூடிய பொருள் இந்த வீட்டில் வேறு எதுவும் இல்லை.

இதைவிட நல்ல வழி ஒன்று உண்டு. கடிதமே எழுதாதே. கப்பல் ஏறு. நேரில் வந்து நிற்கிறவனிடம் யாரும் கோடிக்கணக்கு கேட்பதில்லை. சாப்பிட்டாயா என்றுதான் கேட்பார்கள். என்னுடைய கோஸும் அதோடு மறைந்துவிடும்.

நீ தீர்க்காயுசாக இருக்க வேண்டும். உன் படிப்பு மேலும் மேலும் வளர வேண்டும். மீனாக்ஷி உன்னைச் சீக்கிரம் கொண்டுவந்து சேர்க்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் மாமா,
பிச்சுமணி.

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டப்போன சமயத்தில் அக்கா நார்த்தங்காய் டப்பாவுக்குச் சணல் கட்டிக்கொண்டிருந்தாள். மனசு கேட்காமல், ஒருவேளை அந்த இருநூறு கோடி தப்பென்று ஆகிவிட்டால் அத்திம்பேர் தாங்குவாரா என்று பட்டும் படாமலும் கேட்டேன். அவள் முடிச்சைப் பல்லால் இறுக்கிக்கொண்டே, "அது பிரம்மாவோட இன்னிக்குப் பகல் கணக்குதானேடா பிச்சு. காலம்பற பொழுது விடிஞ்சதிலேர்ந்து நூத்தித் தொண்ணூத்தேழு கோடி. அதுக்கு முன்னாடியே அவருக்கு ஐம்பது வயசு முடிஞ்சாச்சே. முப்பது வருஷமா அடுக்களையிலேர்ந்து கேட்டுண்டிருக்கேன், எனக்கே தெரியும்" என்றாள். அந்த ஐம்பது வயதை நம் வருஷமாக மாற்றிப் பார்த்தேன்; நூறு லட்சம் கோடியைத் தாண்டியதும் விட்டுவிட்டேன். சங்கல்பம் ஆரம்பிப்பதே அந்த ஐம்பது வயதில்தான். அதைத் தினமும் தன் வாயாலேயே சொல்கிற அத்திம்பேர், இந்த இரண்டு மாதமாக அதைப் பற்றி டாக்டரிடமோ, சீனியம்மாளிடமோ, என்னிடமோ ஒரு வார்த்தை சொல்லவில்லை.